சத்தம் போடாமல் பாடக் கற்றுக்கொண்டது

இந்தக் காலத்து மெதுவான காதல் பாட்டுகளில் முதல் வரியைப் பாடக் கூடாது. காதுக்குள் சொல்ல வேண்டும். மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்து, தூக்கத்தில் இருந்து எழுந்தவள் மாதிரித் தொண்டையை லேசாகக் கரகரக்க விட்டு, பாதிக் குரலும் பாதிக் காற்றுமாகத் தொடங்க வேண்டும். இரண்டாவது வரியில் கொஞ்சம் குரல் சேரும். கோரஸ் வரும்போது மைக்கை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, அதுவரை அடக்கி வைத்ததையெல்லாம் திறந்துவிட வேண்டும். கடைசிக் கோரஸில் பாட்டே ஒரு சுருதி மேலே ஏறும். அங்கே அதோடு சேர்ந்து ஏறிப் போக முடிந்தவள்தான் பாட்டுக்காரி. மற்றதெல்லாம் அதற்கான ஆயத்தம்.

கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள கல்யாண மண்டபங்களில் ஒன்பது வருஷம் இந்தப் பாட்டுகளைப் பாடினேன். முதல் வரியில் என்னை மிஞ்ச ஆளில்லை. இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன். அந்த முதல் வரிதான் என்னைக் கெடுத்தது. நான் வாயைத் திறந்ததும் சாப்பாட்டு மேசைகளில் கரண்டிச் சத்தம் நின்றுவிடும். எப்படி இவ்வளவு மெல்லிசாகப் பாடுகிறாய், எங்கே படித்தாய் என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். சிரித்து மழுப்பியிருக்கிறேன். லயத்தில் படித்தேன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம், அதாவது வரிசை வீடு. பத்துக் காம்பராக்கள். பத்துக் குடும்பத்துக்கும் ஒரே தகரக் கூரை. ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் சுவர் இருக்கிறது, ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேலே கொஞ்சம் எழும்பி, போதும் என்று நின்றுவிடும். அதற்கு மேலே எல்லோருக்கும் பொதுவான இருட்டும் புகையும்தான். இந்தக் கோடியில் ஒருவர் இருமினால் அந்தக் கோடியில் இருந்து “சுடுதண்ணி குடிங்க” என்று பதில் வரும். யார் வீட்டில் கருவாடு, யார் வீட்டில் சண்டை, யாருடைய பிள்ளை சோதனையில் கோட்டை விட்டது, எதையும் யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எங்கள் காம்பராவில் நானும் அம்மாவும். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்து என்னைப் படிக்க வைத்தாள்.

பாட்டுப் பைத்தியம் எனக்கு ஏ.எல். சோதனை எழுதிப் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா கிடந்த மாதங்களில் பிடித்தது. கையில் ஒரு பழைய போன், ஒரு காதில் மட்டும் கேட்கிற இயர்போன். போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பாடச் சொல்லிக்கொடுப்பாள். அவள் பேசுகிற இங்கிலீஷில் பாதி எனக்கு விளங்காது, கையையும் வாயையும் பார்த்துப் பிடித்துக்கொள்வேன். உதடு இரண்டையும் தளர விட்டு “ப்ர்ர்ர்” என்று அதிரவைத்தபடி கீழிருந்து மேலே போக வேண்டும். மூச்சை இழுக்கும்போது தோள் உயரக் கூடாது, கீழ் விலா விரிய வேண்டும். கீழே பாடும்போது நெஞ்சு அதிரும், மேலே போகப் போக அந்த அதிர்வு முகத்துக்கும் உச்சந்தலைக்கும் ஏறும். நடுவில் குரல் உடைகிற இடம் ஒன்று உண்டு. அதில் நெஞ்சுக்குரலையும் தலைக்குரலையும் கலந்து, உடைப்பு தெரியாமல் தாண்ட வேண்டும். “ஈ” என்று இழுக்கிற சொல் மேலே வந்தால் அதைக் கொஞ்சம் “எ” பக்கம் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தொண்டை மூடிக்கொள்ளும். இவ்வளவும் எனக்கு மனப்பாடம். இன்றைக்கு யாராவது கேட்டாலும் கடகடவென்று சொல்வேன்.

ஒவ்வொரு பயிற்சியையும் முழுக்குரலில் செய்யுங்கள் என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்வாள். அது மட்டும் எனக்கு நன்றாகவே விளங்கியது. அவளுக்குப் பின்னால் ஒரு கதவு தெரியும். சாத்திய கதவு. பாடம் முழுக்க நான் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் முழுக்குரலில் பாடினால் பத்து வீட்டிலும் கேட்கும். இவள் மகளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது, சினிமாவுக்குப் போகப் போகிறாளாம் என்று மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அம்மாவின் காதுபடப் பேசுவார்கள். அப்படித்தான் நான் நினைத்தேன். யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஆனாலும் உறுதியாக நம்பினேன்.

அதனால் சத்தமில்லாமல் பாடக் கற்றுக்கொண்டேன். பின்னேரம் ஆறரைக்கு எல்லா வீட்டிலும் சீரியல் ஓடும். அடுத்த காம்பரா அத்தை வீட்டில் எப்போதும் சத்தம் கூட. அவருக்கு அப்போதே ஒரு காது மந்தம். அந்த இரைச்சலுக்குள் ஒளிந்துகொண்டு, கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாடுவேன். குரலில் பத்தில் ஒரு பங்குதான் வெளியே வரும். மீதியைக் காற்றாக்கி ஊதிவிடுவேன். மேலே போகும் இடம் வந்தால் கழுத்தை இறுக்கி, சத்தம் தப்பிவிடாதபடி தொண்டைக்குள்ளேயே பிடித்து நசுக்குவேன். அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருப்பாள். என் பக்கம் திரும்ப மாட்டாள், பாட்டைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டாள். அவளுக்கு இதில் பிடித்தமில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

சில நாள் நான் பாட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அத்தை வீட்டு டிவி சத்தம் சடாரென்று இறங்கிவிடும். கேட்டுவிட்டது, எரிச்சலாக இருக்கிறது, அதைத்தான் இப்படிக் காட்டுகிறார்கள் என்று நினைத்து நானும் குரலை இன்னும் இறக்குவேன். கொஞ்சத்தில் டிவி இன்னும் இறங்கும். நானும் இறங்குவேன். கடைசியில் என் உதடு மட்டும்தான் அசையும். இப்படி மூன்று வருஷம் போனது.

பிறகு கண்டி டவுனுக்கு வேலைக்கு வந்தேன். பேராதனை வீதியில் ஒரு போட்டோகொப்பி கடை. தங்கினது போடிங்கில், ஒரு பெரிய அறையைப் பலகை அடித்து நான்காகப் பிரித்து நான்கு பெண்களுக்குக் கொடுத்திருந்தார்கள். பலகையும் கூரை வரை போகவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. லயத்தை விட்டு வந்துவிட்டேன் என்று நினைத்தால் அது எனக்கு முன்னாலேயே வந்து இடம் பிடித்திருக்கிறது. மெதுவாகப் பாடுவது தொடர்ந்தது.

கடையில் மெஷின் ஓடும்போது அந்த இரைச்சலில் கொஞ்சம் வாய்விட்டுப் பாடிக்கொள்வேன். ஒரு நாள் பாட்டு வரிகள் எழுதிய தாள்களைக் கொப்பி எடுக்க ஒருவர் வந்தார். கெலிஓயாவில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறவர், கல்யாணங்களுக்குக் கீபோர்ட் வாசிக்கிற முஸ்லிம். பிறகு ஒன்பது வருஷமும் அவரை அவர்கள் முறைப்படி நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிட்டேன்.

“தங்கச்சி, அந்த மெஷின கொஞ்சம் நிப்பாட்டிட்டு இன்னொருக்கா பாடுங்க பாப்பம்,” என்றார்.

பாடினேன். வெட்கத்தில் இன்னும் மெல்லிசாகத்தான் வந்தது. அவர் கௌண்டரில் கையை ஊன்றிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

“இந்தக் காத்துக்குரல் எங்க பழகினீங்க? இப்ப மாப்பிள பொண்ணெல்லாம் கேக்குறது இதத்தான். மிச்சம் நல்லா ஈக்கி.” ரொம்ப நன்றாக இருக்கிறது என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

ஆளை விட்டால் போதும் என்று கொப்பிகளைக் கையில் திணித்தேன். அவர் விடவில்லை. அடுத்த மாதம் அக்குறணைப் பக்கம் ஒரு மண்டபத்தில் என் முதல் மேடை.

மைக் என்கிற சாமானை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களை வாழ்த்துவதா வைவதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. என் பத்தில் ஒரு பங்குக் குரலை அது மண்டபம் நிறைய விரித்துப் போட்டது. நான் காற்றாக ஊதினதைக் காதல் என்றார்கள். நான் மேலே போக முடியாமல் கழுத்தை இறுக்கினதை உருக்கம் என்றார்கள். பெண்கள் சாரி முந்தானையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்திருக்கிறேன். நான் உருகவில்லை. என் தொண்டையை நானே நெரித்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் ஒரே மாதிரி நெரித்தேன்.

சந்தோஷமாக இருந்தேனா என்றால், இருந்தேன். அதை மறைக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தலை சீவிப் பூ வைத்து, பளபளக்கிற உடுப்போடு முச்சக்கரவண்டியில் ஏறும்போது நானும் ஒரு ஆள்தான் என்று தோன்றும். வாரம் முழுக்க மற்றவர்களின் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதிப் பத்திரத்தையும் கொப்பி எடுக்கிறவளுக்கு அந்த ஒரு நாள் போதும்.

ஏழாவது வருஷத்தில் காலையில் எழும்பினால் குரல் அடைத்திருக்கத் தொடங்கியது. கொத்தமல்லி அவித்துக் குடித்தேன், இஞ்சியும் தேனும் குடித்தேன். பத்து மணிக்குக் குரல் திறக்கும். பிறகு அது பதினொன்று ஆனது, மத்தியானம் ஆனது. ஞாயிற்றுக்கிழமைக்காகக் குரலைச் சேமிக்கிறேன் என்று கிழமை நாட்களில் கடைக்கு வருகிறவர்களோடு கிசுகிசுத்தே பேசினேன். ஒரு மனுஷர் என்னை ஊமை என்று நினைத்து எத்தனை கொப்பி வேண்டும் என்று விரலை நீட்டிக் காட்டினார். அதை நானாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, டொக்டரைப் பாருங்க தங்கச்சி என்றார். சீசன் முடியட்டும் என்றேன். எந்த சீசன், எப்போது முடியும் என்று எனக்கே தெரியாது.

முடிந்தது ஒரு வியாழக்கிழமை, கடைக்கு லீவு போட்டுவிட்டுப் போன கல்யாணத்தில். கண்டி வாவிக்கு மேலே மேட்டில் உள்ள ஒரு ஹோட்டல். சிங்களக் கல்யாணத்தின் போருவைச் சடங்கு முடிந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் முதல் நடனத்துக்கு வந்து நின்றார்கள். பகல் பன்னிரண்டரை இருக்கும். பெண் கேட்டிருந்த பாட்டு கடைசியில் ஒரு சுருதி ஏறுகிற பாட்டுத்தான். முதல் வரி எப்போதும் போல அருமையாக வந்தது. இரண்டாவது கோரஸில் தொண்டையில் மணல் விழுந்தது மாதிரி இருந்தது. நானா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், போங்க என்று. அவர் சுருதியை ஏற்றினார். நான் வாயைத் திறந்தேன், மைக்கை ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன், வயிற்றில் இருந்து தள்ளினேன். ஒன்றும் வரவில்லை. குரல் உடைந்தால்கூட ஒரு சத்தம் வரும். இது வெறும் காற்று, சைக்கிள் டியூபில் இருந்து போகிற மாதிரி. அந்த மைக் அதையும் விடாமல் பெரிசாக்கி மண்டபம் முழுக்கப் பரப்பியது.

நானா உடனே பாட்டின் மெட்டைக் கீபோர்டில் வாசிக்கத் தொடங்கினார். ஆட்கள் கை தட்டித் தாளம் போட்டார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஆடிக்கொண்டே இருந்தார்கள், அவர்களுக்கு எதுவும் தெரியாது. நான் பாட்டு முடியும் வரை மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்த முகத்தோடு நின்றேன்.

ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, என் குரல் நாண்களை எனக்கே திரையில் காட்டினார்கள். இரண்டு வெள்ளை நாடாக்கள். இரண்டின் ஓரத்திலும், நேருக்கு நேராக, ஒவ்வொரு காய்ப்பு. அம்மாவின் ஆட்காட்டி விரலில் கொழுந்து கிள்ளிக் கிள்ளி வந்திருக்கிற காய்ப்பு மாதிரியே இருந்தது. பார்த்ததும் எனக்கு அவள் கைதான் ஞாபகம் வந்தது. அழுதேன். குழாய் உள்ளே இருந்ததால் டொக்டர் ஆடாதீங்க என்று அதட்டினார்.

பிறகு குரல் பயிற்சி கொடுக்கிறவரிடம் அனுப்பினார்கள். சிங்களப் பெண், என்னைவிட ஆறேழு வயது குறைவாக இருக்கும். சிங்களத்தில்தான் பேசிக்கொண்டோம். வீட்டில் எப்படிப் பாடிப் பழகினீங்க, அப்படியே செய்து காட்டுங்க என்றார். செய்து காட்டினேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

“இப்படி எத்தனை வருஷம்?”

“பன்னிரண்டு.”

“யார் உங்களை இப்படிப் பாடச் சொன்னது?”

“யாரும் சொல்லவில்லை. சத்தமாகப் பாடினால் வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்.”

“கேட்டால் என்ன?”

அவருடைய பேனாவை எடுத்து, தாளின் பின்பக்கத்தில் ஒரு கூரையும் கீழே பத்துச் சுவர்களும் வரைந்து, சுவருக்கும் கூரைக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் தொட்டுக் காட்டினேன்.

மெதுவாகப் பாடுவதற்கு நிறையப் பலம் வேண்டும் என்று அவர் விளக்கினார். நாண்கள் இரண்டும் அழகாகச் சேர்ந்து அதிர வேண்டும், கீழே இருந்து மூச்சு நிதானமாக வர வேண்டும், பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம். நான் அவற்றைச் சேரவே விடவில்லை. பாதி திறந்தபடி விறைப்பாக வைத்து ஊதியிருக்கிறேன். சேரப் பழகாத நாண்களை மேலே போகும்போது மட்டும் கழுத்தால் நெரித்து மோத விட்டிருக்கிறேன். குரல் அடைத்தபோது கிசுகிசுத்துப் பேசினது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றினது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, “நீங்கள் மெதுவாகப் பாடவில்லை அக்கா, ஒளித்துப் பாடியிருக்கிறீர்கள்,” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னதற்காக இல்லை, பன்னிரண்டு வருஷம் பிந்திச் சொன்னதற்காக. அவர் என்ன செய்வார், பாவம்.

ஒரு மாதம் வாயைத் திறக்கக் கூடாது. பிறகு ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் குழாயை விட்டு, தண்ணீர் குமிழியிட “ஊ” என்று ஊத வேண்டும், காலையும் மாலையும். செய்தேன். பேச்சுக் குரல் திரும்பி வந்தது. கொஞ்சம் தடித்து வந்தது, ஆனாலும் வந்தது. பாட்டுக் குரலின் கீழ்ப்பாதி ஓரளவு வந்தது. மேல்பாதி வரவில்லை. எட்டாவது மாதம் மறுபடி குழாயை விட்டுப் பார்த்தார்கள். காய்ப்பு நாள்பட்டது, வெட்டினால் தழும்பு விழலாம், தழும்பு விழுந்தால் பேச்சும் கெடலாம் என்றார்கள். இனிப் பாட முடியுமா என்று கேட்டேன். குரல் பயிற்சி கொடுத்த பெண் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பயிற்சியை விடாதீங்க என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

நானா போன் பண்ணினார். கோவிக்காதீங்க தங்கச்சி, பிடித்து வைத்த கல்யாணங்கள் ஈக்கி, ஒரு பிள்ளையை எடுத்தீக்கிறேன் என்றார். நல்லது நானா என்றேன். அந்தப் பிள்ளை பாடுகிற வீடியோ ஒன்று பிறகு என் போனுக்கும் வந்தது. பெரிய பள்ளிக்கூடத்தில் படித்த பெண், வீட்டில் பியானோ உண்டாம். கடைசிக் கோரஸில் சுருதி ஏறும்போது அவள் முகத்தில் ஒரு கஷ்டமும் இல்லை. முதுகுப் பக்க விலா விரிவது உடுப்புக்கு மேலேயே தெரிந்தது. உடைப்பு தெரியாமல் தாண்டிப் போனாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அவளுக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வேறு எதுவும் நினைக்க விருப்பமில்லை.

அம்மாவிடம் நான் விஷயத்தைச் சொல்லவில்லை. சளி, தொண்டை சரியில்லை என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். மாதக்கணக்கில் என்ன சளி என்று அவள் கேட்கவும் இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேலையில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. பின்னேரம் அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் பழைய கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அடுத்த காம்பராவில் டிவி அலறியது. அத்தைக்கு இப்போது இரண்டு காதும் மந்தம். நான் வந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. சுவருக்கு மேலாக அவர் குரல் வந்தது.

“என்னா புள்ள, வந்துருக்கியாமே? இப்பல்லாம் பாட்டு படிக்கிறதில்லையா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் மண்டபங்களில் பாடுவதைக் கேள்விப்பட்டிருப்பார் என்று நினைத்தேன்.

“எந்தப் பாட்டுங்க அத்த?”

“எந்தப் பாட்டா? இங்குன ஒக்காந்து தெனமும் படிப்பியே, வெள்ளக்காரப் பாட்டெல்லாம். நாங்க டிவிய கொறச்சிப்புட்டு கேப்போமே. சீரியல் கெடக்கட்டும்னு. நீ ரொம்ப சின்னதா படிப்பியா, எனக்கு காது வேற மந்தம். கேக்கலன்னு இன்னும் கொறப்பேன். நீ இன்னும் சின்னதா படிப்ப.” அவர் சிரித்தார். “பெறகு மொத்தமா நிறுத்திப்புட்டு செவுத்துல காத வச்சிக்கிட்டு ஒக்காந்துருப்பேன்.”

அதற்கு அடுத்த காம்பராவில் இருந்து ஒரு ஆண் குரல், “ஆமா ஆமா, நாங்களும்தான்,” என்றது.

“அப்ப ஏன் ஒரு நாள்கூட சொல்லல?” என்று கேட்டேன். கத்த வேண்டும் என்று இருந்தது, கத்தத்தான் தொண்டை இல்லையே.

“சொன்னா நீ வெக்கப்பட்டு நிறுத்திப்புடுவன்னு ஒங்கம்மாதான் வேணாம்னுருச்சு. லயம் பூராவும் வந்து சொல்லிட்டு போச்சு, யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு.”

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கையை ஓங்கிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சத்தமாகப் படி புள்ள என்று. நான் முழுக்குரலில் பாடியிருப்பேன், என் நாண்கள் சேரப் பழகியிருக்கும், அந்தச் சுருதிக்கு நான் ஏறியிருப்பேன். அடுத்த நொடி அவள் விரல் கண்ணில் பட்டது. மாவுக்குள் போய் வருகிற அந்தக் காய்ப்பு விரல். நான் பாட வேண்டும் என்றுதான் அவள் பத்து வீட்டுப் படியும் ஏறி இறங்கியிருக்கிறாள். யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“படி புள்ள ஒண்ணு,” என்றார் அத்தை. “எத்தன நாளாச்சி.”

டிவி நின்றது. குறையவில்லை, நின்றது. பிறகு அதற்கு அடுத்தது. அதற்கும் அடுத்தது. கூரைக்குக் கீழே ஒவ்வொன்றாக நின்றுகொண்டே போய், கடைசியில் தகரத்தில் விழுகிற தூறல் மட்டும் கேட்டது. பத்து வீடும் எனக்காகக் காத்திருந்தது.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போனில் அந்த வெள்ளைக்காரப் பெண் சொல்லித் தந்தபடி மூச்சை எடுத்தேன், தோள் உயராமல், இரண்டு பக்க விலாவும் விரிய. தாடையைத் தளர விட்டேன். கழுத்தை இறுக்கவில்லை. வாயை முழுசாகத் திறந்து, அந்தக் காம்பராவில் என் வாழ்நாளில் முதல் தடவையாக, எதையும் ஒளிக்காமல் பாடினேன். என்னிடம் இருந்த முழுக்குரலும் அதுதான். வந்தது காற்று. அதற்குள் அங்கங்கே நூல் மாதிரி ஒரு குரல். மேலே போகும் இடத்தில் அந்த நூலும் அறுந்துவிட்டது. நிறுத்தாமல் கடைசி வரி வரைக்கும் பாடினேன்.

அம்மாவின் கை மாவுக்குள் அப்படியே நின்றுவிட்டது. அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். சளி இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை மூக்கை உறிஞ்சினார்.

“அப்பிடியே இருக்கு புள்ள,” என்றார். “அன்னைக்குப் படிச்ச மாதிரியே. ஒண்ணுமே மாறல.”

“ஆமாங்க அத்த,” என்றேன்.